கட்டிட ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள்



திருக்குர்ஆனின் வசனங்களுள் மிக நீளமானது எது என்று மதரஸா மாணவர் ஒருவரைக் கேட்டால், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் என்று உடனே விடை சொல்லிவிடுவார். அது எதைப் பற்றியது என்று அடுத்துக் கேட்டால் சற்றே யோசிப்பார். தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது அது. எழுதுபவர் எப்படி எழுத வேண்டும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார், சாட்சிகள் எத்தனை பேர், சாட்சிக்கு அழைக்கப்பட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அல்லாஹுத் தஆலா அதில் விவரிக்கிறான். தொகை சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது என்றும் அறிவுறுத்துகிறான். இவ்வாறு எழுதுவது கட்டாயக் கடமை அன்று, வலியுறுத்தப்பட்ட நன்னெறி என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. எனினும் இத்தனை விரிவாக ஒரு வழிகாட்டுதல் வந்திருப்பதே அதன் கனத்தை உணர்த்தப் போதுமானது.

நிக்காஹ் மஜ்லிஸில் மஹர் தொகை எத்தனை ஆயிரம் என்பதை தஃப்தரில் எழுதி, வலியும் சாட்சிகளும் கையொப்பமிட்ட பிறகுதான் எழுந்திருக்கிறோம். ஆனால் வளைகுடாவிலும் பிரான்சிலும் உழைத்துச் சேர்த்த பணம் முழுவதையும் கொட்டி எழுப்பும் வீட்டுக்கு மட்டும், “சதுர அடிக்கு இவ்வளவு, பார்த்துச் செய்யுங்கள்” என்று மேஸ்திரியிடம் வாய்மொழியாகப் பேசி, முன்பணம் கொடுத்து, ஸலாம் சொல்லிப் பிரிந்துவிடுகிறோம். “நம்மவர்தானே, எழுதச் சொன்னால் தவறாக நினைத்துக்கொள்வார்” என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். அந்த வசனத்தை முதன்முதலில் செவியுற்றவர்கள் நபித்தோழர்கள் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நம்பகத்தன்மையில் அவர்களை விஞ்சியவர்கள் யார்? அவர்களையே எழுதிக்கொள்ளச் சொன்னான் இறைவன். ஐயம் எழாதிருப்பதற்கும் சாட்சியம் உறுதியாக நிற்பதற்கும் அதுவே நெருக்கமான வழி என்ற காரணத்தையும் உடன் சொன்னான். ஆகவே “எழுதிக்கொள்வோம்” என்று ஒருவர் கேட்டால், அவர் மற்றவரைச் சந்தேகிக்கிறார் என்று பொருள் கொள்ளலாகாது.

எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் இச்செய்தி, மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரையிலான நம் கடற்கரைக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது. அதற்குக் காரணம் உப்பு.

உப்பும் கம்பியும்

மரக்காணத்து உப்பளங்களில் வெண்குவியல்களாய்க் காய்ந்து, பல குடும்பங்களுக்குச் சோறு போடும் அதே உப்பு, கட்டிடக் கம்பிக்குப் பகை. அந்தப் பகை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஒப்பந்தத்தில் எதை எழுத வேண்டும் என்பது தானே விளங்கும்.

கான்கிரீட் காரத்தன்மை உடையது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கித் துரு ஏறாமல் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தை உடைத்துவிடுகிறது. பிறகு கம்பி துருப்பிடிக்கிறது. துருவானது, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட் உள்ளிருந்தே விரிசல் கண்டு, தளத்தின் அடிப்பகுதி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. வெளியே தெரிவதற்குள் ஆண்டுகள் பல ஓடியிருக்கும்.

இந்தக் குளோரைடு மூன்று வாசல்கள் வழியே வருகிறது. கலவைக்கு ஊற்றும் தண்ணீர், மணல், கடற்காற்று. கழுவெளியின் உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும் ஒட்டிக் கிடக்கும் பகுதிகளில் கிணற்று நீரும் போர் நீரும் பல இடங்களில் உவர்ப்பு என்பது நீங்கள் அறிந்ததே. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.எஸ். 456 என்னும் விதித்தொகுப்பு. கடல் நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் உள்ளது. நாவில் வைத்துப் பார்த்து “பரவாயில்லை, லேசான உப்புதான்” என்று முடிவு செய்வது போதாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு புட்டி நீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். அந்த ஆய்வறிக்கையை ஒப்பந்தத்துடன் இணைத்து, “இந்த நீரே பயன்படுத்தப்படும், இது போதாதபோது லாரித் தண்ணீர் வரவழைக்கும் செலவு இன்னாருடையது” என்று எழுதிவிட வேண்டும். தளத்துக்கு நீராற்றும்போதும் உப்பு நீரை ஊற்றலாகாது. இதை மறப்பவர்களே அதிகம்.

அதே விதித்தொகுப்பு கடற்கரைச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது. அங்கே கம்பி வைத்த கான்கிரீட் எம்-30 தரத்துக்குக் குறையலாகாது. கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்டாவது வேண்டும். நீரின் எடை சிமெண்டின் எடையில் 0.45 பங்கைத் தாண்டலாகாது. அதாவது 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, இருபத்திரண்டரை லிட்டர். உப்புக் காற்று நேரே படாமல் மறைவில் இருக்கும் பகுதிகளுக்கு எம்-25 தரமும் 30 மில்லிமீட்டர் மூடலும் போதும். நம் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் “ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று” என்ற கலவை எம்-20 வரைக்குமே ஏற்றது. அதற்கு மேற்பட்ட தரங்களுக்குப் பொறியாளர் ஒருவர் கலவையைக் கணக்கிட்டுத் தர வேண்டும். உங்கள் மனை எந்த வகையில் சேரும் என்பதையும் அவரே சொல்லட்டும். மதீனாவில் மஸ்ஜித் எழும்பியபோது, யமாமாவிலிருந்து வந்திருந்த தல்க் பின் அலீ (ரலி) அவர்கள் மண் குழைப்பதில் கைதேர்ந்தவர் என்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த வேலையை அவரிடமே விடுமாறு பணித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. அறிந்தவரிடம் விடுவதே முறை.

சுவருக்கு இப்போது செங்கல்லைவிட ஹாலோ பிளாக், சாலிட் பிளாக் என்னும் கான்கிரீட் கற்களையே பலரும் நாடுகின்றனர். அவற்றினுள் கம்பி இல்லை. எனவே உப்பு அவற்றை உடைப்பதில்லை. பூத்து, பூச்சை உதிர்க்கும், அவ்வளவே. அவற்றின் சிக்கல் வேறு. புதிதாக வார்த்த கல் உலர உலரச் சுருங்கும். அந்தத் தொடக்கச் சுருக்கம் முடியும் முன் கொண்டுவந்து அடுக்கினால், சுவரில் படிப்படியாய் விரிசல் ஓடும். செங்கல்லை ஊறவைத்துக் கட்டிப் பழகிய கைகள் பிளாக்கையும் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் அதே கதிதான். ஆகவே கல் எந்தப் பட்டறையில் வாங்கப்படும், வார்த்து எத்தனை நாள் ஆனதாக இருக்க வேண்டும், அங்கே வார்க்கும் நீர் எது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை. சுவரில் கம்பி இல்லாவிட்டாலும் அதன் மேல் வரும் லிண்டலிலும் தூணிலும் தளத்திலும் கம்பி உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன நீர், மணல், கலவை, கம்பி மூடல் ஆகிய அனைத்தும் கான்கிரீட் ஊற்றிய அன்று மாலையே கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. 45 மில்லிமீட்டர் விடப்பட்டதா, 20 விடப்பட்டதா என்பதை அதன் பிறகு எவரும் பார்த்துச் சொல்ல இயலாது. பத்தாண்டுகள் கழித்துத் தளம் பெயரும்போது, பேசியவர்களின் நினைவும் பெயர்ந்திருக்கும். வாய்மொழியால் தாங்க முடியாத சுமை இது. எனவே, “சென்ட்ரிங் மேல் கம்பி கட்டி, உரிய அளவுள்ள கவர் பிளாக் வைத்த பின், வீட்டுக்காரரோ அவருடைய பொறியாளரோ பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே கான்கிரீட் போடப்படும்” என்று ஒரு வரி எழுதுங்கள். அன்றே கைப்பேசியில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டிலிருந்து சோதனைக் கட்டிகள் வார்த்து 28-ஆம் நாள் ஆய்வகத்தில் அழுத்திப் பார்க்கும் செலவு யாருடையது என்பதையும் சேருங்கள். தளத்தின் அகலம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் 7 நாட்களுக்கும், அதற்கு மேற்பட்டால் 14 நாட்களுக்கும் முன்பாக முட்டுகளை எடுக்கலாகாது என்பதும், நீராற்றல் குறைந்தது 7 நாட்கள், கலப்பு சிமெண்டாயின் 10 நாட்கள் என்பதும் அதே விதித்தொகுப்பில் உள்ளவை. இவற்றையும் எழுதிவிட்டால், பலகையை அடுத்த வேலைக்குக் கொண்டுபோகும் அவசரம் தணியும்.

கூலி ஒப்பந்தமும் முழு ஒப்பந்தமும்

நம் பகுதியில் வீட்டு வேலை இரண்டு முறைகளில் விடப்படுகிறது. பொருள்களை வீட்டுக்காரர் வாங்கிக் கொடுக்க, ஆள்களைக் கொண்டு வேலையை மட்டும் முடித்துத் தருவது ‘லேபர் காண்ட்ராக்ட்’. சிமெண்டு, கம்பி, மணல் அனைத்தையும் தாமே கொண்டுவந்து, சாவியைக் கையில் கொடுப்பது முழு ஒப்பந்தம். வியப்புக்குரியது என்னவெனில், ஃபிக்ஹுச் சட்டமும் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே பார்க்கிறது. முதலாவது இஜாரா, அதாவது கூலிக்கு உழைப்பைப் பெறுவது. இரண்டாவது இஸ்திஸ்னா, அதாவது விவரம் சொல்லி ஒரு பொருளைச் செய்து தரச் சொல்வது.

இஸ்திஸ்னாவைத் தனி ஒப்பந்தமாக ஏற்றவர்கள் ஹனஃபி அறிஞர்கள். மற்ற மத்ஹபுகளின் பழைய நூல்கள் அதை ஸலம் என்னும் முன்பண வியாபாரத்துக்குள் அடக்கி, விலை முழுவதையும் முன்னரே கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தன. உதுமானியர் காலத்து மஜல்லா சட்டத்தொகுப்பு, விவரப்படி பேசி முடித்த இஸ்திஸ்னாவிலிருந்து ஒருதலையாக எவரும் விலக முடியாது என்று வகுத்தது. 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் அதையே தீர்மானித்தது. விலையைத் தவணைகளாகக் கொடுக்கலாம் என்றும் கூறியது. ஆனால் செய்யப்படும் பொருளின் இனம், வகை, அளவு, தன்மை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும், காலவரையும் குறிக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. “நல்ல சிமெண்டு, நல்ல கம்பி” என்ற பேச்சு அந்த நிபந்தனையை நிறைவேற்றுமா? சிமெண்டு எந்த நிறுவனத்தினுடையது, எந்த வகை, கம்பி எந்தத் தரம், எத்தனை மில்லிமீட்டர், மணல் ஆற்று மணலா எம்-சாண்டா என்று எழுதினால்தான் தன்மை தெளிவாகும்.

கூலி ஒப்பந்தத்தில் பொருள் கெட்டதாயிருந்தால் பழி வீட்டுக்காரருடையது. வேலை கெட்டிருந்தால் மேஸ்திரியுடையது. இந்த எல்லைக்கோடு எழுத்தில் இல்லாதபோது, விரிசல் ஒன்று தென்பட்டதும், “நீங்கள் வாங்கிய மணல் சரியில்லை” என்று அவரும், “நீங்கள் கலந்தது சரியில்லை” என்று இவரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மணலைச் சலித்துப் பெறும்போதே, சரியில்லையெனில் எழுதித் தெரிவிக்க வேண்டிய கடமை மேஸ்திரிக்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் அந்த வழக்கு எழவே எழாது.

சதுர அடி என்றால் எது?

வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லில் பிறப்பவை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். சுவரின் கனம் சேர்ந்ததா? படிக்கட்டும் அதன் மேல் மூடியும் கணக்கில் உண்டா? போர்டிகோ முழு விலைக்கா, பாதி விலைக்கா? சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச் சுவர் ஆகியவை தனியா? பேஸ்மட்டம் எத்தனை அடி உயரம்? மழை நீர் தேங்கும் நம் தாழ்நிலத்தில் இரண்டு அடி என்று நினைத்தவர் நான்கு அடி உயர்த்தும்படி ஆகலாம். அந்தக் கூடுதலுக்குப் பணம் உண்டா? வரைபடம் ஒன்றை இணைத்து, அதில் உள்ளதெல்லாம் இந்த விலைக்குள், இல்லாததெல்லாம் இன்ன விலைக்கு என்று பிரித்து எழுதுவதே இதற்கு மருந்து.

மத்யன் நகரத்துப் பெரியவர் மூஸா (அலை) அவர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டைத் திருமறை எடுத்துரைக்கிறது. எட்டு ஆண்டு உழைப்பு கடமை. பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். எது கடமை, எது நல்லெண்ணம் என்பது தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. நம் வீடுகளிலோ, “அப்படியே இந்த அலமாரியையும் வைத்துவிடுங்கள் பாய்” என்று இடையில் சொன்னது நல்லெண்ணத்தில் செய்ததா, கூலிக்குச் செய்ததா என்பது கடைசிக் கணக்கின்போதுதான் விவாதத்துக்கு வருகிறது. கூடுதல் வேலை எதுவாயினும், செய்வதற்கு முன் விலையோடு ஒரு வரி எழுதி இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, மற்றவர் “சரி” என்று பதில் அனுப்பினாலும் அது சான்றுதான், அழித்துவிடாமல் வைத்திருங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வடித்த பிறகு, அதற்கு மாறாக வாயால் பேசியதை நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை என்பதால் இது முக்கியம்.

பணமும் காலமும்

முன்பணம், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு, முடிவு என்று வேலையின் படிகளோடு பணத்தின் படிகளைக் கட்டிவிடுங்கள். பணம் வேலைக்கு வெகு தூரம் முந்தினால் வீட்டுக்காரருக்கு ஆபத்து. பிந்தினால், சனிக்கிழமை மாலை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுக்க வேண்டிய மேஸ்திரி கடன் வாங்கத் தொடங்குவார். உழைப்பவரின் வியர்வை உலர்வதற்குள் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுவோர், மேஸ்திரிக்குத் தவணை தவறினால் அந்த வியர்வை யாருடையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இறுதித் தொகையில் ஒரு சிறு பங்கை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்திவைப்பது அரசு வேலைகளில் நெடுநாள் வழக்கம். அதை எழுதி, எந்த நாளில் கொடுக்கப்படும் என்பதையும் குறித்தால் இருவருக்கும் நியாயம்.

காலதாமதத்துக்குத் தண்டத்தொகை வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மேற்சொன்ன ஃபிக்ஹு அகாதமி, வேலையை முடித்துத் தர வேண்டியவர் தாமதித்தால் ஒப்பந்தப்படி தண்டத்தொகை பெறலாம் என்றும், அவர் சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் கூடாது என்றும் கூறியுள்ளது. 2000-இல் ரியாத்தில் கூடியபோது அது இன்னொன்றையும் தெளிவுபடுத்தியது: கொடுக்க வேண்டிய பணம் தாமதமானதற்குக் கூடுதல் தொகை விதிப்பது வட்டியே ஆகும். எனவே கடைகளில் கிடைக்கும் அச்சிட்ட படிவங்களில் “தவணை தவறினால் ஆண்டுக்கு இத்தனை சதவீத வட்டி” என்றிருக்கும் வரியை அடித்துவிடுங்கள். அதற்கு மாற்றாக, “தவணை வராவிட்டால் வேலையை நிறுத்திவைக்கவும் அத்தனை நாள் கூடுதல் காலம் பெறவும் ஒப்பந்தக்காரருக்கு உரிமை உண்டு” என்று எழுதலாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் எழுதிய தண்டத்தொகையை அப்படியே வாங்கித் தராது. அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே தரும். ஆகவே மிரட்டும் தொகையை எழுதிப் பயனில்லை.

சக்திக்கு மீறிய காரணம் என்பது நமக்கு வெறும் ஏட்டுச் சொல் அன்று. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2020 நவம்பரில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே நிவர், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் என்று புயல்கள் நம் வாசலிலேயே கரையேறியுள்ளன. ஃபெஞ்சலின்போது மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மழையில் கரைந்த சிமெண்டு யாருடைய நட்டம், விழுந்த சென்ட்ரிங் யாருடையது, எத்தனை நாள் கூடுதலாகத் தரப்படும் என்பதை வானம் தெளிவாக இருக்கும்போதே எழுதுவது எளிது. சிமெண்டு, கம்பி விலை ஏறினால் யார் சுமப்பது என்பதும் அப்படித்தான். வேலையாள் சாரத்திலிருந்து விழுந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட வேண்டும். 1994-இல் அமைக்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் ஆள்கள் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மனை வருகிறதா, அனுமதி வாங்குவது யார் என்பதும் தொடக்கத்திலேயே தீர்க்க வேண்டியவை. அனுமதியற்ற கட்டிடத்துக்கு எழுதிய ஒப்பந்தம் உங்களைக் காப்பாற்றாது.

பிணக்கு எழுந்தால்

வாய்மொழி ஒப்பந்தமும் 1872-ஆம் ஆண்டின் சட்டப்படி செல்லத்தக்கதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அதை மெய்ப்பிப்பதுதான் பாடு. மேற்கு வங்கத்தின் ஆரம்பாக் என்னும் ஊரில் 1944-இல் அரசின் குடிமைப் பொருள் துறைக்காக ஓர் ஒப்பந்த நிறுவனம் கிடங்குகளையும் அலுவலகக் கட்டிடத்தையும் பாதையையும் அமைத்துக் கொடுத்தது. அதிகாரிகள் கேட்டார்கள், நிறுவனம் கட்டியது, அரசு பயன்படுத்திக்கொண்டது. ஆனால் சட்டம் கோரிய முறையில் ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கவில்லை. 19,325 ரூபாய் கேட்டு வழக்காடியபோது, முறையான ஒப்பந்தமே இல்லை என்பது அரசின் வாதம். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை அனுபவித்தவர் ஈடு செய்தாக வேண்டும் என்ற 70-ஆம் பிரிவைக் காட்டி, உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, கிடைத்த ஆண்டு 1961. வேலை முடிந்து பதினேழு ஆண்டுகள். ஒரு மேஸ்திரியின் குடும்பம் அத்தனை காலம் காத்திருக்குமா?

வீட்டுக்காரர்களுக்கு நுகர்வோர் சட்டம் துணை நிற்கிறது. வீடு கட்டித் தருவதும் சேவையே என்பதை 1993-இல் லக்னோ வளர்ச்சிக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விழுப்புரம் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. ஆனால் நாள் கூலிக்கு ஆள் வைத்து நீங்களே வேலை வாங்கியிருந்தால், அது தனிப்பட்ட ஊழியம், சேவை ஆகாது என்ற எதிர்வாதம் எழும். அங்கேயும் எழுத்துதான் எது என்பதைக் காட்டும். மேலும் அங்கு முறையிடும் கெடு இரண்டு ஆண்டுகள். உரிமையியல் நீதிமன்றத்தில், வேலை செய்த பணத்துக்கானாலும் ஒப்பந்த மீறலுக்கானாலும் மூன்று ஆண்டுகள். கம்பியின் துருவோ அதைவிடத் தாமதமாக வெளிவரும். அடுக்குமாடி விற்பவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் ஐந்தாண்டுப் பொறுப்பு விதித்திருக்கிறது. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. எத்தனை ஆண்டுகளுக்குள் எந்தக் குறை தெரிந்தால் அவர் சரிசெய்து தருவார் என்பதை ஒப்பந்தமே சொல்ல வேண்டும்.

நீதிமன்றம் போகாமல் ஜமாஅத்துப் பெரியவர்கள் தீர்த்துவைப்பதை நாம் விரும்புகிறோம். அதற்கும் எழுத்து வேண்டும். 1996-ஆம் ஆண்டின் சமரசத் தீர்ப்புச் சட்டப்படி, நடுவரிடம் விடும் உடன்பாடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அப்படி எழுதி, நடுவர் முறைப்படி விசாரித்துத் தரும் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றத்தக்கது. மேஸ்திரி மாற்று மதச் சகோதரராயின், இரு தரப்பும் நம்பும் பொறியாளர் ஒருவரை நடுவராகக் குறிப்பிடுவது முறை. ஒப்பந்தத்தை உரிய மதிப்புள்ள முத்திரைத் தாளில் எழுதுங்கள். வெற்றுத்தாளில் எழுதியது செல்லாததாகிவிடாது. ஆனால் 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, விடுபட்ட தீர்வையையும் அதன் பத்து மடங்கு வரையிலான அபராதத்தையும் செலுத்திய பிறகே சான்றாக ஏற்கப்படும்.

எழுதும் அமர்வு

திருமறையின் அந்த நீண்ட வசனத்தில், வாசகத்தைச் சொல்லும் பொறுப்பு கடன்பட்டவரிடம் தரப்பட்டிருக்கிறது. தாம் ஏற்பது என்ன என்பதை அவர் தம் வாயால் சொல்ல வேண்டும். வீட்டு ஒப்பந்தத்தில் இருவருமே கடன்பட்டவர்கள்: ஒருவர் பணத்துக்கு, மற்றவர் வேலைக்கு. ஆகவே ஒருவர் எழுதிக் கொண்டுவந்ததில் மற்றவர் கையொப்பமிடும் முறையை விட, வீட்டுக்காரர் தாம் தர வேண்டியதையும் மேஸ்திரி தாம் செய்ய வேண்டியதையும் தத்தம் வாயால் சொல்ல, மூன்றாமவர் ஒருவர் எழுதுவது அந்த நெறிக்கு நெருக்கமானது. சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்லலாம் என்ற அனுமதியும் அதில் உண்டு. எழுத்தறியாத மேஸ்திரியாயின், அவர் நம்பும் ஒருவரை உடன் வைத்து, தமிழில் எழுதி, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது எழுதாததைவிட மோசம்.

பல வீடுகளில் கணவர் வெளிநாட்டில் இருக்க, வேலையை நாள்தோறும் பார்ப்பவர் மனைவியோ தாயாரோதான். யார் சொன்னால் வேலையை மாற்றலாம், யார் கையால் பணம் பெறலாம் என்பதை ஒப்பந்தத்தில் பெயரிட்டுக் குறியுங்கள். மைத்துனர் ஒன்று, மாமனார் ஒன்று என்று ஆளுக்கொரு மாற்றம் சொல்லி, கடைசியில் மேஸ்திரி தலையில் விழுவதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! பணத்தை வங்கி வழியே அனுப்புங்கள். கையில் கொடுத்தால் தேதியிட்ட ரசீது பெறுங்கள்.

வேலை பாதியில் இருக்கும்போது இருவரில் ஒருவர் வஃபாத்தாகிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும். சொத்தைப் பங்கிடும் முன் மய்யித்தின் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது வாரிசுரிமைச் சட்டத்தின் அடிப்படை. ஒப்பந்தமும் ரசீதுகளும் இருந்தால், மேஸ்திரிக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று விதவையும் பிள்ளைகளும் ஒரு மணி நேரத்தில் அறிந்துகொள்வார்கள். மேஸ்திரி மறைந்தாலும், முடித்த வேலைக்குரிய தொகையை அவர் வீட்டார் கேட்டுப் பெற முடியும். மீதி வேலையை அவருடைய மகனோ கூட்டாளியோ தொடரலாமா, அல்லது அன்றைய படியோடு கணக்கை முடித்துக்கொள்வதா என்பதை இருவரும் உயிரோடு இருக்கும்போதே தீர்மானித்து எழுதி, பிரதி ஒன்றை வீட்டிலும் ஒன்றை மேஸ்திரியிடமும் வையுங்கள். மூன்றாவது பிரதியை, ஜமாஅத் அலுவலகம் ஏற்குமாயின், நிக்காஹ் தஃப்தர் இருக்கும் அலமாரியிலேயே வைக்கச் சொல்லலாம்.